நட்சத்திரக் குறி இட்ட பெயர்கள்

இரும்பு துருப்பிடிக்கிறது, மரம் உளுத்துப் போகிறது, துணி நைந்து கிழிகிறது. காலத்தின் கை படாத பொருள் உலகில் இல்லை என்று எண்ணியே நாம் பழகியிருக்கிறோம். கணிப்பொறி நிரல் மட்டும் இப்பொது விதிக்கு விலக்காகத் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நிரலில் ஓர் எழுத்தும் மங்குவதில்லை. ஒரு கூட்டலும் தளர்வதில்லை. அன்று எப்படி வட்டி கணக்கிட்டதோ அப்படியே இன்றும் கணக்கிடக் காத்திருக்கிறது. ஆயினும் ஒரு நாள் அது இயங்காமல் நின்றுவிடுகிறது. நிரலில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அது நின்றுகொண்டிருந்த நிலம் அதன் காலடியிலிருந்து நகர்ந்துவிட்டது.

அந்த நிலத்திற்கு இயக்குதளம் என்று பெயர். கணிப்பொறி என்னும் இயந்திரத்திற்கும் நம் வேலையைச் செய்யும் நிரலுக்கும் இடையே நின்று, கோப்பை எடுத்துக் கொடுப்பதும், திரையில் எழுத்தைக் காட்டுவதும், அச்சுப்பொறிக்குத் தாளை நகர்த்தச் சொல்வதும் அதன் பணி. 1981-இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் அப்படி ஒரு தளம். 1990-களில் நம் ஊர்களில் கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களின் வாசல் ஏறியவர்கள் கறுப்புத் திரையில் துடிக்கும் அந்தச் சிறு கோட்டை மறந்திருக்க மாட்டார்கள். கோப்பின் பெயர் 8 எழுத்துக்கு மேல் போகலாகாது. நிரலுக்குக் கிடைக்கும் நினைவகம் 640 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அந்த ஒடுங்கிய அறைக்குள் கடைகள், மருத்துவமனைகள், அச்சகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் தங்கள் கணக்குகளை வைத்து வாழ்ந்தன.

அவற்றுள் ஒரு சங்கத்தைப் பற்றியே எழுதப் புகுகிறேன். தென்மாவட்ட ஊர் ஒன்றில் பருத்தி நூற்பாலைத் தொழிலாளர்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட சிக்கன நாணயச் சங்கம் அது. மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைச் சேமிப்பாகக் கட்டுவார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கோ, பெண்ணின் திருமணத்திற்கோ கடன் பெறுவார்கள். ஆலை மூடப்பட்ட பிறகும் சங்கத்தை மூட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஓய்வுபெற்றோரும் அவர்கள் பிள்ளைகள் சிலரும் இன்றும் அதில் உறுப்பினர்கள். கணக்கெல்லாம் 1994-இல் ஓர் இளைஞர் ஃபாக்ஸ்புரோ என்னும் தரவு மென்பொருளில் எழுதிக் கொடுத்த நிரலில் இருந்தது. ஃபாக்ஸ்புரோவின் 2.6 என்னும் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். டாஸ் தளத்திற்கென அதன் பின் வேறு பதிப்பு வரவில்லை. நிரலை எழுதிய இளைஞர் நடுவயதைக் காணும் முன்னரே காலமாகிவிட்டார். அவர் எழுதியது மட்டும் நாள் தவறாமல் காலை பத்து மணிக்கு எழுந்து வேலை செய்துகொண்டிருந்தது.

2024-இல் பழைய கணிப்பொறி அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. நிர்வாகக் குழுவினர் புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதில் விண்டோஸ் 11 இருந்தது. பழைய நிரலைப் படியெடுத்து அதில் வைத்து இயக்கிப் பார்த்தபோது, இந்த நிரலை உங்கள் கணிப்பொறியில் இயக்க முடியாது என்னும் பொருள்பட ஒரு வரி திரையில் வந்து நின்றது. சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுப்பதே என் தொழிலாக இருந்து வந்ததால், என்னை அழைத்தார்கள்.

ஏன் இயங்கவில்லை என்பதைச் சங்கத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது. டாஸ் நிரல்கள் 16 பிட் நடையில் எழுதப்பட்டவை. 1985-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 386 நுண்செயலி, தான் புதிய நடையில் ஓடிக்கொண்டே பழைய நிரலுக்கென உள்ளுக்குள் ஒரு போலி இயந்திரத்தையும் நடத்திக் காட்டும் வல்லமை பெற்றிருந்தது. பல ஆண்டுகள் விண்டோஸ் அந்த வசதியைக் கொண்டுதான் டாஸ் நிரல்களைத் தாங்கி வந்தது. பின்னர் 64 பிட் நுண்செயலிகள் வந்தன. அவை தம் முழு நடையில் ஓடும்போது அந்தப் பழைய கதவு திறப்பதில்லை. எனவே 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரலுக்கு இடமில்லாமற் போயிற்று. 32 பிட் பதிப்பில் மட்டும் விண்டோஸ் 10 வரை அந்த இடம் எஞ்சியிருந்தது. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. “திண்ணை வச்ச வீட்டை இடிச்சுட்டுத் திண்ணை இல்லாத வீடு கட்டிட்டாங்க, அவ்வளவுதானே தம்பி?” என்றார் ஓய்வுபெற்ற காசாளர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான் பத்து நிமிடம் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இத்தகைய நிலையில் செய்யத்தக்கவை சில உண்டு. பழைய இயந்திரத்தையே உதிரிப் பாகங்கள் தேடித் தேடி ஓட்டலாம். அது எத்தனை நாளைக்கு என்பது வேறு. புதிய இயந்திரத்துக்குள் பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் ஒரு நிரலை வைத்து, அதற்குள் பழையதை இயக்கலாம். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் அவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால் அது பழைய விளையாட்டுகளுக்காக உருவாக்கப்பட்டது. பலர் ஒரே கோப்பில் கை வைக்கும் அலுவலகக் கணக்குக்கு என்று எண்ணிச் செய்யப்பட்டதன்று. டாஸை மைக்ரோசாஃப்ட் கைவிடப் போகிறது என்று தெரிந்த 1994-இலேயே, அமெரிக்க மாணவர் ஜிம் ஹால் அதற்கு ஈடாக ஃப்ரீடாஸ் என்னும் பொதுத் தளத்தைத் தொடங்கினார். அது இன்றும் உயிரோடிருக்கிறது. எஞ்சிய வழி, நிரலைப் புதிய தளத்திற்கேற்பத் திரும்ப எழுதிவிடுவது.

நடிக்கும் இயந்திரங்களைப் பற்றிய ஒரு வேடிக்கையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. பழைய நிரல்கள் வேகம் போதாமல் நிற்பதுண்டு என்று நாம் நினைப்போம். வேகம் மிகுந்து நின்றவையும் உண்டு. டர்போ பாஸ்கல் என்னும் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பல, தொடங்கியவுடன் இந்த இயந்திரம் எவ்வளவு விரைவானது என்று அறிய, கணிப்பொறிக் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் எத்தனை முறை வெறுமனே சுற்ற முடிகிறது என எண்ணி, அந்த எண்ணை 55-ஆல் வகுத்துப் பார்க்கும். 1990-களின் பிற்பகுதியில் நுண்செயலிகள் அசுர வேகம் பெற்றபோது வகுத்து வந்த விடை, அதற்கென ஒதுக்கிய இடத்தில் கொள்ளவில்லை. உடனே பூச்சியத்தால் வகுத்ததாகப் பிழை எண் 200-ஐக் காட்டி நிரல் மாண்டுபோகும். தன் பேரப்பிள்ளை ஓடும் வேகத்தைப் பார்த்து மயங்கி விழுந்த பாட்டனைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்தில் நாங்கள் தேர்ந்துகொண்டது, நிரலைத் திரும்ப எழுதும் வழி. ஆனால் பழையதை உடனே அணைக்கவில்லை. ஃப்ரீடாஸில் அதை ஓடவிட்டு, ஒவ்வொரு கணக்கையும் பழையதிலும் புதியதிலும் போட்டு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்த பிறகே கைமாற்றுவது என்று முடிவாயிற்று.

மூலநிரல் வன்தட்டில் ஒரு மூலையில் இருந்தது. விளக்கக் குறிப்பு ஒரு வரிகூட இல்லை. எழுதியவர் இல்லாத நிலையில் அவர் எழுதியதைப் படிப்பது ஒரு தனி அனுபவம். பிறர் கட்டிய வீட்டில் இரவில் விளக்கில்லாமல் நடப்பது போன்றது அது. இங்கே ஏன் ஒரு படி, இந்தச் சுவர் ஏன் வளைகிறது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். பதில் பல இடங்களில் கிடைப்பதில்லை. சில இடங்களில் நிரலுக்கு வெளியே, மனிதர்களிடத்தில் கிடைக்கிறது.

வட்டிக் கணக்கில் ஒரு வரி என்னை நிறுத்தியது. சங்கத்தின் அச்சிட்ட துணைவிதிகளில், மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் கட்டிய தொகைக்கு அந்த மாத வட்டியும் உண்டு என்றிருந்தது. வங்கிகளும் 2010 மார்ச் வரை சேமிப்புக் கணக்குகளுக்கு 10-ஆம் தேதியை ஒட்டியே வட்டி போட்டு வந்தன. அவ்வாண்டு ஏப்ரலிலிருந்துதான் அன்றாட இருப்பைக் கணக்கிடும் முறை வந்தது. நிரலிலோ 10 என்ற எண்ணே இல்லை. பணம் கட்டிய நாள் 12-க்கு மேற்படாதிருந்தால் அந்த மாதத்தையும் சேர்த்துக்கொள் என்று இருந்தது. தட்டெழுத்துப் பிழையோ என்று ஐயுற்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் சிறிதும் யோசிக்கவில்லை.

“பத்தாந் தேதிதான் சம்பளம் போடுவாங்க, தம்பி. நைட் ஷிப்டுக்காரங்களுக்கு மறுநாத்தான் கையில கிடைக்கும். நடுவுல ஞாயித்துக்கெழமை வந்துட்டா இன்னொரு நாள் போயிரும். அதான் பன்னெண்டு.”

துணைவிதியை எழுதியவர்கள் 10 என்று எழுதினார்கள். நிரலை எழுதியவர் ஆலையின் வாயிலில் நின்று பார்த்துவிட்டு 12 என்று எழுதியிருக்கிறார். இந்த இரண்டு நாள் சலுகை எந்தத் தீர்மானத்திலும் இல்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு வரியாக மட்டுமே முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. நான் விதிப் புத்தகத்தை மட்டும் பார்த்து எழுதியிருந்தால், எவருக்கும் தெரியாமல் அது செத்துப் போயிருக்கும். இப்போது நைட் ஷிப்டு இல்லை, ஆலையே இல்லை. ஆயினும் 11-ஆம் தேதி வந்து கட்டும் பழக்கம் பலருக்கு அப்படியே இருக்கிறது. குழுவினர் கூடிப் பேசி 12 என்பதைத் துணைவிதித் திருத்தமாகவே கொண்டுவர இசைந்தார்கள்.

அடுத்தது பைசாக் கணக்கு. முதல் ஒப்பீட்டில் பழைய நிரலின் மொத்த வட்டிக்கும் புதியதன் மொத்த வட்டிக்கும் சில ரூபாய் வேறுபாடு வந்தது. காரணம் தேடியபோது, சரியாக ஐம்பது பைசாவில் முடியும் தொகைகளில் அது இருந்தது. ஃபாக்ஸ்புரோ 2.50-ஐ 3 என்றும், 3.50-ஐ 4 என்றும் மேலே ஏற்றிவிடும். பள்ளியில் நாம் படித்த முறையும் அதுவே. நான் புதியதற்குப் பயன்படுத்திய பைத்தான் மொழியோ, பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும்: 2.50 என்பது 2 ஆகும், 3.50 என்பது 4 ஆகும். ஏராளமான எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஒரு பக்கமாகச் சாயாதிருக்கக் கற்றோர் வகுத்த முறை இது. அதில் குற்றமில்லை. ஆனால் சங்கத்தில் அந்த அரை ரூபாய் எப்போதும் உறுப்பினர் பக்கமே சாய்ந்து வந்திருக்கிறது. அவர்கள் கையிலுள்ள பாஸ்புக்கில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆகவே புதிய நிரலுக்குப் பழைய பள்ளிக்கூடத்து முறையையே கற்பித்தேன்.

தேதிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். ஃபாக்ஸ்புரோவின் கோப்பில் ஒவ்வொரு தேதியும் 8 இலக்கமாக, ஆண்டுக்கு முழு நான்கு இலக்கத்தோடு எழுதப்படுகிறது. திரையிலோ இரண்டு இலக்கம்தான் கேட்கும்; விட்ட இரண்டை 19 என்று தானே நிரப்பிக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகமே பதறியது நினைவிருக்கலாம். நம் இளைஞரும் பதறி, தட்டிய ஆண்டு 50-க்குக் குறைவாயின் நூறு கூட்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு அது சரியாக இருந்தது. ஆனால் பழைய உறுப்பினர்களின் விவரங்களை அதன் பின் திருத்திப் பதிந்தபோது, 1938-இல் பிறந்தவர் 2038-இல் பிறந்தவராகக் கோப்புக்குள் போய்விட்டார். வயதைக் காட்டும் இடத்தில் இன்னொரு வரி அந்த நூறைக் கழித்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால், சங்கத்தின் மூத்த உறுப்பினர் சிலர் இன்னும் பிறக்கவேயில்லை! இப்படி ஒரு தப்பை இன்னொரு தப்பு தாங்கிப் பிடித்திருக்கும் இடங்கள் பழைய நிரல்களில் உண்டு. ஒன்றை மட்டும் திருத்தினால் கூரை இறங்கிவிடும்.

பெயர்களுக்கு வருவோம். டாஸ் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. எழுத்துகளோ 256 வடிவங்களுக்குள் அடங்கியவை. அந்த 256-இல் தமிழுக்கு இடமில்லை. இந்திய மொழி எழுத்துகளைத் திரையில் காட்ட மைய அரசின் சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்றொரு மின்னணு அட்டையைத் தந்திருந்தது. அதை வாங்கும் நிலையில் இச்சங்கம் இருக்கவில்லை. எனவே உறுப்பினர் பெயர்களெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், 20 எழுத்துக்குள். மூன்று சொற்களில் பெயர் உடையவர்கள் மூன்றாம் சொல்லின் நடுவில் நின்றுவிட்டார்கள். ஆரோக்கியசாமிகள் பலர், ஒருவருக்கு ‘சி’யும் ‘கே’யும் சேர்ந்து, ஒருவருக்குக் ‘கே’ மட்டும், ஒருவருக்கு ‘ஐ’ இல்லாமல். ‘எஸ்’ என்னும் தலைப்பெழுத்துக்குப் பின்னால் இருப்பவர் சுப்பையாவா, சவரிமுத்தா, செய்யது இப்ராகிமா என்று எந்த இயந்திரமும் சொல்லாது.

இன்று அந்தத் தடை இல்லை. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991-இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதை ஏற்றுக்கொண்டது. புதிய நிரலில் பெயர்களைத் தமிழில் வைக்கலாம் என்றதும் குழுவினர் மகிழ்ந்தார்கள். அவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் தானே மாற்றும் நிரல்கள் கிடைக்கின்றனவே என்றும் சிலர் சொன்னார்கள். சோதித்துப் பார்த்தோம். பழனியைப் பலனி ஆக்கியது. வள்ளியை வல்லி ஆக்கியது. தன் பெயரைத் தவறாக எழுதிய பாஸ்புக்கை ஒருவர் கையில் கொடுத்து, உங்கள் பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொருவரையும் வரச்சொல்லி அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவது என்று முடிவு செய்தோம். நிரல் எழுதப் பிடித்ததைவிட இதற்கே அதிக நாள் பிடித்தது. எனக்கு அதில் வருத்தமில்லை.

இதுவரை சொன்னவை தொழில் தெரிந்தவர்கள் எதிர்பார்க்கக்கூடியவை. நான் எழுதவந்தது, இனிச் சொல்லப்போவதற்காகத்தான்.

டி.பி.எஃப். என்று முடியும் இந்தத் தரவுக் கோப்பின் அமைப்பு ஃபாக்ஸ்புரோவுக்கும் முந்தையது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் விண்வெளி ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய வெய்ன் ராட்லிஃப் என்பவர், அலுவலக நண்பர்களின் கால்பந்துப் பந்தயத்தில் வெல்வதற்காக ஆட்ட விவரங்களைத் திரட்டிவைக்க ஒரு நிரல் எழுதினார். அதுவே வளர்ந்து டிபேஸ் என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. பந்தயத்துக்குப் பிறந்த பிள்ளை சிக்கனச் சங்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது! அந்த அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் ஓர் எழுத்துக்கு இடம் விடப்பட்டிருக்கும். சாதாரணமாக அது வெற்றிடம். ஒரு பதிவை நீக்கு என்று நாம் கட்டளையிட்டால், அது நீங்குவதில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழுகிறது, அவ்வளவே. குறியிட்டவற்றைக் காட்டாதே என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அவை திரையிலிருந்து மறையும். உள்ளே அப்படியே இருக்கும். மீட்டெடு என்றால் குறி நீங்கி எழுந்து வரும். ‘பேக்’ என்னும் இன்னொரு கட்டளையைக் கொடுத்தால்தான் அவை உண்மையில் அழியும்.

கோப்பின் முகப்பு, உள்ளே 1,412 பதிவுகள் இருப்பதாகச் சொன்னது. சங்கத்தின் பட்டியலில் 1,349 பேர். புதிய தளத்துக்குத் தரவை மாற்றித் தரும் கருவிகள் பலவும் குறியிட்ட பதிவுகளைக் கேட்காமலே விட்டுவிடக்கூடியவை. எண் ஒத்துவராததால் உள்ளே இறங்கிப் பார்த்தேன். 63 பதிவுகளின் தலையில் நட்சத்திரம் இருந்தது. முப்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட ‘பேக்’ கொடுக்கப்படவில்லை. அதற்கான பொத்தானையே அந்த இளைஞர் நிரலில் வைக்கவில்லை.

பட்டியலை அச்சிட்டு அண்ணாச்சியின் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிவரியாக நகர்த்தினார். ஆலையில் முதல் கதவடைப்பு நடந்தபோது ஊரைவிட்டுத் திருப்பூருக்கும் மும்பைக்கும் போனவர்கள். தவணை கட்டாததால் நீக்கப்பட்டவர்கள். இறந்துபோய் வாரிசு எவரும் வராதவர்கள். சிலரிடம் வந்ததும் விரல் நின்றது. அந்தப் பெயர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குழுக் கூட்டத்தில் பேச்சு நீண்டது. புது வீட்டுக்குப் போகும்போது குப்பையையும் கட்டி எடுத்துப் போவார்களா என்று ஒருவர் கேட்டார். அவர் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நீக்கியது முறையான தீர்மானத்தின்படி, தணிக்கையும் முடிந்துவிட்டது. பழையதைக் கிளறினால் வீண் தொல்லை. ஆனால் கையால் பேரேடு எழுதிய காலத்தில் கணக்கர்கள் எதையும் சுரண்டி அழித்ததில்லை. தவறான வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம். நம் பங்குகளின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டியவர்களும் ஓரத்துக் குறிப்புகளில் இந்த ஒழுங்கைக் கண்டிருப்பார்கள். நட்சத்திரக் குறி அந்தச் சிவப்புக் கோட்டின் பிள்ளைதான் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு, இன்னொரு தாளையும் மேசையில் வைத்தேன். அந்த 63 பேரில் 40 பேர் சங்கத்துக்குக் கடன்பட்டவர்கள். 14 பேருக்குக் கொடுக்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை. மீதி 9 பேருக்குச் சேமிப்பு, கடனைவிட அதிகமாக இருந்தது. அதாவது, சங்கம் அவர்களுக்குப் பணம் தர வேண்டியிருந்தது.

அந்தத் தாளுக்குப் பிறகு குப்பை என்ற சொல்லை எவரும் எடுக்கவில்லை. 63 பதிவுகளும் புதிய தளத்துக்கு வந்தன. ‘நீக்கப்பட்டவர்’ என்று வெளிப்படையாகக் காட்டும் ஒரு கட்டத்தோடு வந்தன. ஒன்பது பேருக்கும் பழைய முகவரிக்கே கடிதம் எழுதப்பட்டது. நான்கு கடிதங்கள், பெறுநர் இல்லை என்று அஞ்சல்காரர் எழுதிய குறிப்போடு திரும்பின. நான்குக்குப் பதில் இல்லை.

ஒரு கடிதத்துக்கு ஓர் அம்மா நேரிலேயே வந்தார். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆயிற்றாம். பாலித்தீன் உறையில் சுற்றிய பாஸ்புக்கைப் பிரித்து வைத்தார். கடைசி இருப்பு 212 ரூபாய் 50 பைசா. கோப்பிலும் அதுவே. இருக்கட்டும், அந்த 212 ரூபாய்க்கு எதுவரை வட்டி? நீக்கிய நாள் வரையெனில், நீக்கிய நாள் எது? நட்சத்திரக் குறியில் தேதி கிடையாது. யார் இட்டார், எப்போது இட்டார் என்று அது சொல்வதில்லை. அண்ணாச்சி தீர்மானப் புத்தகங்களைத் தேடினார். அந்த ஆண்டுக்குரியதைக் கரையான் அரித்திருந்தது. கடைசி வரவுத் தேதியிலிருந்து இன்றுவரைக்கும் கொடுப்பதே முறை என்பது என் எண்ணம். குழுவில் இருவர் அதற்கு உடன்படவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

அந்த அம்மா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. திரையில் இருந்த பெயரை என்னிடம் படித்துக் காட்டச் சொன்னார். இருபதாம் எழுத்தில் அது அறுந்திருந்தது. முழுப் பெயரையும் அவரே சொன்னார். நான் தமிழில் தட்டினேன். நடுவில் நிறுத்தி, “ரெண்டு சுழியாம்மா, மூணு சுழியா?” என்று கேட்டேன்.

“மூணு சுழிதான் சார். கையெழுத்து மட்டும் ரெண்டு சுழியிலதான் போடுவாரு” என்றார்.